வீட்டில் விதையிட்டு மரம் வளர்த்தல்

மரவிதையைப் பொறுத்தவரை முதலில் அறிய வேண்டியது, அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது. மண்ணும் உரமும் தொட்டியும் அதற்குப் பின்னால் வருபவை. புளியங்கொட்டையை ஒரு டப்பாவில் போட்டு ஆறு மாதம் கழித்து எடுத்து விதைத்தாலும் முளைக்கும். பலாக்கொட்டையை அப்படி வைத்தால் சில வாரங்களிலேயே உயிர் போய்விடும். இரண்டும் பார்வைக்குக் கெட்டியான கொட்டைகள்தான். ஆனால் ஒன்று காய்ந்தால் உறங்கும், மற்றது காய்ந்தால் சாகும். வீட்டில் போட்ட விதைகள் முளைக்காமல் போவதற்கு இந்த வேறுபாட்டை அறியாததே பெரும்பாலும் காரணம். பழி மட்டும் மண்ணின் மேல் விழுகிறது.

விதையியல் இந்த வேறுபாட்டை வகைப்படுத்தியிருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈ. எச். ராபர்ட்ஸ் 1973இல் விதைகளை, காய்வைத் தாங்குபவை, தாங்காதவை என இரண்டாகப் பிரித்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு என்பது 1990இல் சேர்க்கப்பட்டது. புளி, வாகை, கொன்றை, முருங்கை ஆகியவை முதல் வகை. மா, பலா, நாவல், இலுப்பை ஆகியவை இரண்டாம் வகை. காய்வைத் தாங்கும் விதையின் ஆயுள் சில வேளைகளில் வியப்பூட்டும் அளவுக்கு நீளும். இஸ்ரேலின் மசாடா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்து மரமாகியிருக்கிறது. மாங்கொட்டைக்கு இப்படி ஒரு வரலாறு வாய்க்கவே முடியாது.

காரணம் அந்தந்த மரத்தின் பூர்வீகத்தில் இருக்கிறது. மாவும் பலாவும் மழைக்காட்டு மரங்கள். பழம் விழும் காலமும் மழை தொடங்கும் காலமும் ஏறக்குறைய ஒன்று. விழுந்த கொட்டை உறங்கிக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால், அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேல் வரை நீராகவே இருக்கிறது. உயிர்ச் செயலும் நிற்பதில்லை. அந்த ஈரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கரு மீளாது. ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றலாம் என்று நினைப்பதும் கேடு, ஏனென்றால் வெப்ப மண்டலத்தின் இத்தகைய விதைகளைக் குளிரும் கொன்றுவிடும். பழத்தைத் தின்ற வாரத்திலேயே கொட்டையை மண்ணில் வைப்பதே வழி. உடனே முடியாவிட்டால் ஈரமான மணலிலோ தென்னை நார்க்கழிவிலோ புதைத்து நிழலில் வைத்துச் சில நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

வேம்பு இதில் தனிக் கவனம் பெற வேண்டிய மரம். தெருவெங்கும் தானாக முளைப்பதால் அதன் விதை எதையும் தாங்கும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மை நேர்மாறு. சாதாரணமாக வைத்திருந்தால் வேப்பமுத்தின் முளைப்புத்திறன் இரண்டு மூன்று வாரங்களிலேயே சரியத் தொடங்கி, சில மாதங்களில் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பழம் மஞ்சளாகி உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். முத்தை உடைத்துப் பார்த்தால் பருப்பு பச்சையாக இருப்பது உயிருள்ள விதை; மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் எண்ணெய்க்குத்தான் ஆகும். எப்போது சேகரித்தது என்று தெரியாமல் ஆண்டு முழுவதும் விற்கப்படும் வேப்ப விதைப் பொட்டலத்தை வாங்காமல் இருப்பது நல்லது.

விதை எடுக்கும் தாய்மரத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். நோயில்லாத, நடு வயதுள்ள, நன்றாகக் காய்க்கும் மரம் உகந்தது. சுற்றுவட்டாரத்தில் தன் இனத்துக்குத் துணையின்றித் தனியாக நிற்கும் மரத்தின் விதை, தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டதாக இருக்க வாய்ப்புண்டு. அத்தகைய கன்றுகள் பல இனங்களில் வீரியம் குன்றியிருக்கும். ஒரே மரத்தடியில் நூறு விதை பொறுக்குவதைவிட ஐந்தாறு மரங்களிலிருந்து இருபது இருபதாக எடுப்பது மேல். ஒரு கன்று வளர்ப்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. தெரு முழுக்க நடக் கன்று வளர்ப்பவருக்கு இதுதான் அடிப்படை. மரத்தின் கீழ் முதலில் உதிர்பவற்றில் பூச்சி துளைத்தவையும் பொக்கும் மிகுதி என்பதால், நடுப் பருவத்தில் விழும் பழுத்த காய்களே நம்பத்தக்கவை. தண்ணீரில் போட்டு மிதப்பவற்றை ஒதுக்கும் பழக்கம் பெரும்பாலும் சரியாக வரும். சிறகுள்ள, நெற்றோடு கூடிய எடை குறைந்த விதைகளுக்கு மட்டும் அது பொருந்தாது.

முளைக்காமல் இருக்கும் விதை எல்லாம் செத்த விதை அல்ல. கொன்றை, வாகை, மஞ்சாடி போன்ற அவரைக் குடும்ப மரங்களின் விதைத்தோல் நீரை உள்ளே விடாது. மாதக்கணக்கில் நனைந்தாலும் உள்ளே இருக்கும் பருப்பு காய்ந்தே கிடக்கும். காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறி வந்தும், விலங்கின் வயிற்றுக்குள் போய்வந்தும் அந்தத் தோல் மெல்ல நைகிறது. வீட்டில் இதை ஒரே நாளில் செய்துவிடலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின் விதைகளை அதில் போட்டு, ஆறும்வரை விட்டு, இரவு முழுவதும் ஊறவைப்பது ஒரு முறை. கொதிக்கும்போதே போட்டு அடுப்பில் வைத்திருந்தால் கரு வெந்துவிடும். இன்னும் உறுதியான முறை, விதையின் கண் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளால் தேய்ப்பது அல்லது நகவெட்டியால் துளி வெட்டுவது. பிறகு ஊறவைத்தால் ஒரே இரவில் விதை உப்பிப் பெருக்கும். உப்பாமல் கிடப்பவற்றை மீண்டும் தேய்க்க வேண்டும். மஞ்சாடி விதையைத் தேய்க்காமல் விதைத்துவிட்டுக் காத்திருப்பது வீண். புளிக்கும் தேய்த்து ஊறவைத்தல் பயன் தரும், ஆனால் கட்டாயமில்லை.

தேக்கின் கதை இதைவிடச் சிக்கலானது. 1840களில் மலபார் கலெக்டர் கொனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கியபோது, விதையை முளைக்க வைப்பதே முதல் தடையாக நின்றது. தொடக்க முயற்சிகள் தோற்றன. பின்னர் சாத்து மேனனின் பொறுப்பில்தான் நாற்றுகள் வெற்றிகரமாக எழுந்தன. அன்று நட்ட மரங்களில் ஒரு பகுதி இன்றும் நிலம்பூரில் நிற்கிறது. தேக்கின் காய் ஓடு கட்டையாக இருப்பதால் இரவில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, ஒன்றிரண்டு வாரம் மாறி மாறிச் செய்ய வேண்டும். அப்போதும் முளைப்பு ஒரே சீராக வராது. நெல்லிக்கு வேறு வழி: சதையை நீக்கிய கொட்டையை வெயிலில் காயவைத்தால் அது தானாக வெடித்து ஆறு சிறு விதைகளை வெளியே தரும்.

ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் விதைகள் கடுகைவிடச் சிறியவை. மண்ணில் புதைத்தால் முளைக்காது, அவற்றுக்கு ஒளி வேண்டும். பழத்தை நசுக்கிக் கழுவிய விதையை, பொடித்த செங்கலும் இலைமக்கும் கலந்த தட்டின் மேல் தூவி, எப்போதும் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். பறவை எச்சத்தோடு விழுந்து சுவர் வெடிப்பில் அவை முளைப்பதற்கும், தோட்டத்து மண்ணில் புதைத்தவை முளைக்காததற்கும் இதுவே விளக்கம்.

விதைப்பு மண்ணுக்குப் பெரிய இரகசியம் எதுவுமில்லை. செம்மண், ஆற்று மணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. மக்காத சாணம் வேரைச் சுடும்; களிமண் தண்ணீரைத் தேக்கி விதையை அழுகச் செய்யும். ஆழம் விதையின் பருமனைப் போல ஒன்றிலிருந்து இரண்டு மடங்கு போதும். ஆழமாகப் புதைத்தால்தான் வேர் பிடிக்கும் என்ற நம்பிக்கையால் அழுகிப்போகும் விதைகள் ஏராளம். மாங்கொட்டையை ஓட்டோடு வைப்பதைவிட, ஓரத்தைக் கத்தரித்து ஓட்டைப் பிரித்துப் பருப்பை மட்டும் எடுத்து, குவிந்த முதுகு மேலே வர வைத்தால் தண்டு நேராக எழும். ஓட்டைப் பிரிக்கும்போதே உள்ளே மாங்கொட்டை வண்டு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வண்டு பருப்பைக் குடைந்திருந்தால் அந்தக் கொட்டையை எரித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக் காய்களைத் தேடி அது வரும்.

பை அல்லது தொட்டியைத் தேர்வதில்தான் பின்னாளில் வெளிப்படும் தவறுகள் தொடங்குகின்றன. பெரும்பாலான மரங்கள் தண்டு ஒரு சாண் எழும் முன்பே ஆணிவேரை அதைவிட நீளமாக இறக்கிவிடும். குட்டையான பையில் அந்த வேர் அடியைத் தொட்டு, திரும்பிச் சுருளத் தொடங்கும். சுருண்ட வேர் நிலத்தில் நட்ட பிறகும் சுருண்டபடியே பருத்து, சில ஆண்டுகளில் மரத்தின் கழுத்தை நெரிக்கும். பிடிப்பில்லாத மரம் காற்றில் அடியோடு சாயும். அகலத்தைவிட உயரம் மிகுந்த பையும், அடியில் தாராளமான துளைகளும் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் பையில் கன்று வளர்ப்பதாக இருந்தால் ஓரடி உயரத்துக்குக் குறையாத பை நல்லது. இடம் உறுதியாகத் தெரிந்திருந்தால் பையே வேண்டாம். விதையை நேரே நிலத்தில் ஊன்றுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. புங்கன், புளி, வேம்பு, பலா ஆகியவை நேரே ஊன்றிய இடத்தில் வளரும்போது, நாற்றங்காலில் பிறந்த கன்றுகள் எட்ட முடியாத ஆழத்துக்கு வேர் இறக்குகின்றன.

பனைக்கு இது விதியாகவே ஆகிவிடுகிறது. ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழம் ஒவ்வொன்றிலும் பொதுவாக மூன்று கொட்டைகள் வரை இருக்கும். கொட்டை முளைக்கும்போது வித்திலையின் காம்பு ஒரு குழாய்போல் நீண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. கருவும் அதன் நுனியிலேயே கீழே பயணம் செய்கிறது. கொட்டைக்குள் மீந்திருக்கும் உணவைத் தவுண் என்னும் பஞ்சுபோன்ற திசு உறிஞ்ச, அது குழாய் வழியே கீழே இறங்கி, அங்கே கிழங்காகத் திரள்கிறது. பொங்கலுக்குக் கடைத்தெருவில் கட்டுக்கட்டாக வரும் பனங்கிழங்கும், யாழ்ப்பாணத்தில் காயவைத்து ஒடியலாக்கப்படுவதும் இந்தப் பனைக்கன்றுதான். குருத்து எதுவும் மேலே தெரியும் முன்பே மரத்தின் வளர்முனை மண்ணுக்கடியில் பாதுகாப்பாகப் பதிந்துவிடுகிறது. வறட்சியும் தீயும் மேய்ச்சலும் உள்ள தேரிக்காட்டில் பனை தழைப்பதற்கு இந்த முளைப்பு முறை ஒரு முக்கியக் காரணம். முதல் ஓலை வெளிவர மேலும் பல மாதங்கள் பிடிக்கும். பையில் முளைக்க வைத்த பனையின் வேர் சிறிது அறுந்தாலும் அது பிழைப்பது அரிது. எனவே பத்தடி இடைவெளியில் கொட்டையை நேரே புதைத்துவிட வேண்டும். ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விட்ட பிறகே தெரியும். அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகலாம். நுங்குக்காக மட்டும் ஒரு பனை வைப்பவர் இதை எண்ணியே மூன்று நான்கு கொட்டைகளாகவாவது ஊன்ற வேண்டும்.

சந்தனம் வேறு விதமான பிடிவாதக்காரர். அதன் விதை உதிர்ந்த பின் ஏறத்தாழ இரண்டு மாதம் உறக்கத்தில் இருக்கும். முளைத்த பின்னும் சந்தனக்கன்று தனியாக வாழாது. அது பாதி ஒட்டுண்ணி. தன் வேரிலிருந்து சிறு பற்றுறுப்புகளை விட்டு அருகிலுள்ள செடியின் வேரில் நீரையும் உப்பையும் உறிஞ்சும். அதனால் சந்தனத்தை வைக்கும் அதே பையில் துவரை விதையொன்றையும் போட்டு, அது உயர்ந்து நிழல் மூடாதபடி அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். நிலத்தில் நட்ட பிறகு சவுக்கு போன்ற நீண்டகாலத் துணைமரம் அருகில் இருப்பது அவசியம். 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் சொந்த நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருடையதே. வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும்.

முளைத்த நாற்றுக்கு முதல் மாதம்தான் ஆபத்தான காலம். தண்டின் அடி நீர்கோத்துக் கறுத்து நாற்று மடங்கி விழுவது நாற்றழுகல் நோய். இதை உண்டாக்கும் பூஞ்சைகள் தேங்கிய ஈரத்திலும் நெருக்கத்திலும் பெருகும். மாலையில் நிறைய ஊற்றுவதைவிடக் காலையில் பூவாளியால் அளவாகத் தெளிப்பதும், நாற்றுகளுக்கிடையே காற்று புக விடுவதும் மருந்தைவிட நன்றாக வேலை செய்யும். விதைக்கும் முன் தொழு உரத்தில் டிரைகோடெர்மா விரிடி கலந்து வைப்பது கூடுதல் காப்பு. முதல் உண்மை இலைகள் வரும்வரை அரைநிழல், பிறகு சிறிது சிறிதாக வெயில். நிழலிலேயே வைத்துக் கொழுக்க வளர்த்த கன்று நீண்டு மெலிந்து, நட்ட இடத்தில் முதல் வெயிலுக்கே துவண்டுவிடும். மாங்கன்றின் தளிர் செம்பு நிறத்தில் இருக்கும்போது அதை இடம் மாற்றாமல், இலை பச்சையாகி முதிரும்வரை பொறுப்பது நல்லது.

விதையிலிருந்து வந்த மரம் தாயைப் போலவே காய்க்குமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. மரத்துக்கு மரம் விடை மாறுகிறது. மல்கோவா, பங்கனப்பள்ளி, நீலம், அல்போன்சா ஆகியவற்றின் கொட்டையில் ஒரே கருதான் இருக்கும். அது தாயும் வேறொரு மரத்தின் மகரந்தமும் சேர்ந்து உண்டானது; அதன் பழம் எப்படியிருக்கும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த ஓலூர், சந்திரகரன், குறுக்கன் போன்ற வகைகளிலும் வெள்ளைக் கொளம்பானிலும் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் எழும். அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையின் பங்கின்றித் தாயின் சூல் திசுவிலிருந்தே பிறந்தவை என்பதால், தாயின் அச்சாக வளரும். ஒட்டுக்கு அடியில் நிற்கச் சீரான வேர்க்கன்றுகள் தேவைப்படும் ஒட்டுக்கட்டும் தொழிலுக்கு இவை விரும்பப்படுவது இதனால்தான். வெள்ளைக் கொளம்பான் மரத்தின் உயரத்தைக் குறைக்கும் வேர்க்கன்றாகவும் பெயர் பெற்றது. எலுமிச்சையிலும் நாவலிலும் இத்தகைய பல கருக்கள் உண்டு. கொய்யா, சீதா, நெல்லி முதலியவற்றின் நாற்றுகள் தாயிலிருந்து மாறக்கூடியவை.

ஆகவே சுவை நிச்சயமான பழம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்குவதே சரி. ஆனாலும் அந்த ஒட்டுக்கு அடியில் நிற்பது விதையில் பிறந்த ஒரு நாற்றுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. சப்போட்டாவை, மெதுவாக வளரும் பாலை மரத்தின் நாற்றில் ஒட்டுவதுதான் வழக்கம். வீட்டில் போட்ட மாங்கொட்டையும் வீணாவதில்லை: செம்பு நிறத் தளிரோடு இருக்கும் பருவத்தில் அதன் தண்டிலேயே விரும்பிய வகையின் தளிர்க்குச்சியை ஒட்டும் கொட்டை ஒட்டு முறை, பழகியவர் கையில் எளிது. நிழலுக்கும் பறவைக்கும் மண்ணுக்கும் வைக்கப்படும் மரத்திற்கோ ஒட்டு தேவையே இல்லை. அங்கே நாற்றுகளுக்கிடையே உள்ள வேறுபாடு குறையல்ல, வலிமை.

காய்ப்புக்கான காத்திருப்பு பெரிதும் வேறுபடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை விதைத்த ஆண்டிலேயே காய்க்கிறது. நெட்டைத் தென்னைக்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். தென்னை நெற்றுகளில் முந்தி முளைப்பவையே வீரியமானவை, ஐந்து மாதமாகியும் முளைக்காதவற்றை ஒதுக்கிவிடலாம். விதையில் வந்த மா ஆறு முதல் பத்து ஆண்டு கேட்கும். புளியும் ஏறக்குறைய அப்படியே. மாடியிலும் பால்கனியிலும் வளர்ப்பவர்கள் எலுமிச்சை, கறிவேப்பிலை போன்றவற்றோடு நிற்பது நல்லது. கறிவேப்பிலையின் கருநிறப் பழத்தைச் சதை நீக்கி உடனே விதைக்க வேண்டும், காய்ந்தால் முளைக்காது. வேம்பையும் புளியையும் நிரந்தரமாகத் தொட்டியில் வைத்திருப்பது அந்த மரங்களுக்குச் செய்யும் அநியாயம்.

நிலத்தில் நடுவதற்குத் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் உகந்த காலம் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கம், அதாவது அக்டோபர். அதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து ஆறவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய உரம் கலந்து நிரப்பலாம். பையைக் கிழித்து முழுதாக எடுத்துவிட்டு, அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தியால் நறுக்கிவிட வேண்டும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். தண்டைப் புதைத்தால் பட்டை அழுகும். வீட்டுச் சுவரிலிருந்து வேம்பு, புங்கனுக்குப் பதினைந்து அடியாவது இடைவெளி வேண்டும். புளியும் மாவும் முப்பதடி பரப்பைக் கேட்பவை. ஆலையும் அரசையும் வீட்டு மனையில் வைக்கவே கூடாது. குளக்கரையும் ஊர்ப் பொதுவிடமும் அவற்றின் இடம். தாங்குகோலைத் தண்டோடு இறுகக் கட்டாமல் தளர்வாகக் கட்டினால், காற்றில் அசையும் தண்டு தானாகப் பருக்கும். ஓராண்டில் கோலை எடுத்துவிடலாம்.

அடியில் சருகு மூடாக்கும் ஆடு நெருங்காத வேலியும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேண்டும். தினமும் ஒரு குவளை ஊற்றுவதைவிட வாரத்துக்கு இரண்டு முறை குடம் குடமாக ஊற்றுவது வேரைக் கீழ்நோக்கி இழுக்கும். மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலோட்டமாகவே நிற்கும். இப்படி வளர்ந்து மூன்றாவது கோடையைத் தாண்டிய வேம்புக்கும் புங்கனுக்கும் புளிக்கும் அதன் பிறகு பெரும்பாலும் கைநீர் தேவைப்படுவதில்லை.